ஞாயிற்றுக்கிழமை பிரஷர்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மரக்காணத்தில் கறிக்கடை வாசலில் கூட்டம் நிற்கும், சர்ச்சில் பாட்டுச் சத்தம் கேட்கும். இந்த இரண்டு இடத்திலும் அமுதவல்லியைப் பார்க்க முடியாது. காலை ஏழு மணிக்கெல்லாம் தோளில் ஒரு நீலப் பையை மாட்டிக்கொண்டு உப்பளத்தை ஒட்டிய தெருக்களில் இறங்கிவிடுவாள். பைக்குள் பிரஷர் பார்க்கிற மிஷின், சர்க்கரை பார்க்கிற மிஷின், மாத்திரை அட்டைகள், ஒரு நீள நோட்டு. கறி வாங்குவதும் குழம்பு வைப்பதும் அவள் கணவன் ஐயப்பன் பாடு. அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன். குழம்பும் அவன் ஆட்டோ மாதிரியேதான், எங்கே தூக்கிப்போடும் என்று சொல்ல முடியாது.

வீடு தேடிப் போய் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரை கொடுத்து, நோட்டில் எழுதுவது அமுதவல்லியின் வேலை. அரசாங்கக் காகிதத்தில் தன்னார்வலர் என்று போட்டிருக்கும். தெருவில் யாருக்கும் அது வாயில் நுழையவில்லை. மாத்திரைக்காரம்மா என்றால் சின்னப் பிள்ளைகூட வீட்டைக் காட்டும்.

ஞாயிற்றுக்கிழமையைத் தேர்ந்தெடுத்தது அவளேதான். மற்ற நாட்களில் உப்பளத்துப் பெண்கள் விடியும் முன்பே கிளம்பிவிடுவார்கள். பதினோரு மணிக்குத் திரும்பி, குளித்து, சாப்பிட்டு, அடித்துப் போட்டதுபோல் தூங்குவார்கள். அப்போது கதவைத் தட்டினால் மிஷின் உடையுமே தவிர பிரஷர் தெரியாது. ஞாயிறு அளத்துக்கு விடுமுறை. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள், முகத்தில் கொஞ்சம் சிரிப்பும் இருக்கும்.

அவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. பிறந்தது பிரம்மதேசத்தில், கழனிவேலை செய்கிற குடும்பத்தில். பத்தாவது முடித்தவள். பத்தொன்பது வயதில் ஐயப்பனைக் கட்டிக்கொண்டு மரக்காணம் வந்தாள், வந்த வருஷமே உப்பளத்துக்குப் போனாள். எட்டு வருஷம் கூடை சுமந்தாள். பிறகு கல்லடைப்பும் நீர்க்கடுப்பும் மாறி மாறி வந்து அவளை வீட்டில் உட்கார வைத்துவிட்டன. சில வருஷம் தையல், சில வருஷம் சும்மா. வீடு வீடாக மாத்திரை கொடுக்க ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் முதல் ஆளாகப் போய் நின்றாள்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அளவுக்கு மேலேயே பிடித்துப்போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். அவள் கணக்கில் முப்பத்துநாலு பிரஷர்காரர்கள். ஒவ்வொருவரையும் மாணவர்களைப்போல விரட்டினாள். காலி அட்டையைக் காட்டினால்தான் புது அட்டை என்று ஒரு சட்டம் போட்டாள். அட்டையில் ஒரு மாத்திரை மிச்சம் இருந்தாலும் தெருவே கேட்கும்படி சத்தம் போடுவாள். சத்தத்தின் முடிவில் தவறாமல் ஒரு வரி வரும்.

“ஒரே ஒரு மாத்திரதானே, முழுங்கினா இன்னா? எம் பேரக் கெடுத்துடாதீங்க, சொல்லிட்டேன்.”

பெயர் கெடவில்லை. அவள் நோட்டில் முப்பத்துநாலில் முப்பத்தொரு பேருக்குப் பிரஷர் அடங்கியிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் புதிதாக வந்திருந்த டாக்டர் அஸ்வினி அந்த நோட்டை மற்ற தன்னார்வலர்களுக்குத் தூக்கிக் காட்டினாள். “பாருங்க, காலி அட்டை வாங்கற ஐடியா. இவங்க மாதிரி செய்யுங்க” என்றாள். சிறந்த தன்னார்வலர் சான்றிதழுக்கு அமுதவல்லியின் பெயர் போயிற்று. ஏப்ரலில் சுகாதார தினத்தன்று விழுப்புரத்தில் மேடை. ஐயப்பன் ஒரு மாதம் முன்னாலேயே கூடத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்துவிட்டான். சட்டம் போட்டு மாட்டுவதற்கு. ஆட்டோவில் ஏறுகிறவர்களுக்கெல்லாம் மிச்சச் சில்லறையோடு சேர்த்து அந்தச் செய்தியையும் கொடுத்துக்கொண்டிருந்தான்.

முத்தம்மாள் விழுந்தது அந்த மார்ச் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை.

முத்தம்மாளும் அமுதவல்லியும் எட்டு வருஷம் ஒரே பாத்தியில் உப்பு சுமந்தவர்கள். ஐம்பத்தைந்து வயது. கணவன் இறந்துவிட்டான், ஒரே மகன் திருப்பூரில். எலும்பும் தோலுமான உடம்பு, ஆனால் கூடையைத் தலையில் ஏற்றிவிட்டால் வரப்பில் ஓட்டம்தான். நோட்டில் அவள் கணக்கு அச்சடித்த மாதிரி சுத்தமாக இருக்கும். நூற்றிமுப்பது, நூற்றியிருபத்தெட்டு, நூற்றிமுப்பத்திரண்டு. மாதக் கடைசியில் காலி அட்டையை முதலில் நீட்டுகிறவளும் அவள்தான்.

ஒன்பது மணிக்கு அளத்து மேஸ்திரி பச்சமுத்து போன் பண்ணினார். “எம்மா, முத்தம்மா வுழுந்துடுச்சு. வாய் ஒரு பக்கம் இழுக்குது. நூத்தியெட்டுக்குச் சொல்லிட்டேன், நீ ஒடனே வா.”

ஐயப்பன் ஆட்டோவை எப்படி ஓட்டினான் என்று அவளுக்கு நினைவில்லை. உப்புக் குவியல் ஓரமாகத் தார்ப்பாயில் கிடத்தியிருந்தார்கள். வலது கை சொன்னபடி கேட்கவில்லை. அமுதவல்லி பட்டையைச் சுற்றி மிஷினை அழுத்தினாள். இருநூற்றுப் பதினாலு. மிஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து இன்னொரு தடவை அழுத்தினாள். இருநூற்றுப் பத்து. இரண்டு நாள் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, இதே கை, இதே மிஷின், நூற்றிமுப்பது காட்டியது.

ஆம்புலன்ஸ் பாண்டிச்சேரிக்குப் புறப்பட்டது. ஆதார் அட்டையும் காப்பீட்டு அட்டையும் வேண்டும் என்றார்கள். முத்தம்மாள் வீட்டுச் சாவி துளசி மாடத்துக்குப் பின்னால் இருப்பது அமுதவல்லிக்குத் தெரியும். போய்த் திறந்தாள். அலமாரியில் அட்டைகள் இருந்த டப்பாவுக்குப் பின்னால் ஒரு ஊறுகாய் பாட்டில் இருந்தது. உள்ளே பச்சரிசி மாதிரி வெள்ளையாக ஏதோ முக்கால் பாட்டிலுக்கு நிறைந்திருந்தது. கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது. எல்லாம் அவள் கொடுத்த மாத்திரை.

அட்டையிலிருந்து ஒவ்வொன்றாகப் பிதுக்கி எடுத்து, பாட்டிலில் போட்டு, காலி அட்டையை மட்டும் பத்திரமாக அவளுக்குக் கொடுத்திருக்கிறாள்.

அமுதவல்லிக்கு முதலில் வந்தது கோபம். பாட்டிலின் அளவைப் பார்த்தால் ஆறு மாதமாக என்னை ஏமாற்றியிருக்கிறாளே என்ற கோபம். பாட்டிலைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினாள். பாண்டிச்சேரி பெரிய ஆஸ்பத்திரியில் முத்தம்மாளுக்குத் துணையாக இரண்டு நாள் இருந்தாள். உயிருக்குப் பயமில்லை, வலது பக்கம் திரும்புமா என்று போகப் போகத்தான் தெரியும் என்றார்கள். திருப்பூரிலிருந்து மகன் வந்து சேர்ந்தான். பஸ்சில் ஊர் திரும்புகிற வழியில், கீழ்புத்துப்பட்டு தாண்டும்போது, அவளுக்கு இன்னொன்று உறைத்தது. ஒரு பாட்டில்தான் கண்ணில் பட்டிருக்கிறது. மிச்சம் முப்பத்து மூன்று வீட்டு அலமாரியை யார் திறந்து பார்த்தது?

வீட்டில் ஐயப்பனிடம் பாட்டிலைக் காட்டினாள். அவன் அதைப் பார்த்தான், பிறகு சுவரில் இருந்த ஆணியைப் பார்த்தான்.

“ரெண்டு வாரம்தானே இருக்குது அமுதா. மொதல்ல சர்டிபிகேட்ட வாங்கிடு. அப்புறமா டாக்டரம்மா கிட்ட பொறுமையா சொல்லிக்கலாம்.”

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கும் அந்த யோசனை இனிக்கத்தான் செய்தது. இத்தனை வருஷத்தில் அவள் பெயரை மைக்கில் யாரும் கூப்பிட்டதில்லை.

“ரெண்டு வாரத்துல இன்னொருத்தி வுழுந்துட்டா?” என்றாள்.

ஐயப்பன் எழுந்துபோய்த் தட்டு எடுத்து வைத்தான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலை ஆறரைக்கே நீலப் பையோடு உப்பளத்தில் நின்றாள். முத்தம்மாள் விழுந்த அன்றைக்குத் தவிர, வேலையை விட்ட பிறகு வேலை நேரத்தில் அவள் அங்கே கால் வைப்பது இதுதான் முதல் தடவை. ஆண்கள் பலகையால் உப்பை வாரி ஒதுக்க, பெண்கள் கூடையில் அள்ளிக் குவியலுக்குக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார்கள். புடவைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை, தலையில் சும்மாடு. பச்சமுத்து முகத்தைச் சுளித்தார்.

“வேல நேரத்துல இன்னாம்மா இது? ஞாயித்துக்கெழம பாத்துக்கயேன்.”

“ஞாயித்துக்கெழம பாத்துத்தான் முத்தம்மாக்கா பாண்டியில படுத்திருக்குது. ஆளுக்குப் பத்து நிமிஷம் வுடுங்க, போதும்.”

அவர் ஒதுங்கி வழி விட்டார். பத்து நிமிஷம் உட்கார வைத்த பிறகே பட்டை சுற்ற வேண்டும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். வரப்பில் சாக்கை விரித்து ஒவ்வொருத்தியாக உட்கார வைத்தாள். நூற்றி எழுபத்தாறு. நூற்றி அறுபத்தெட்டு. நூற்றித் தொண்ணூறு. நூற்றிமுப்பது காட்டுகிற ஆள் ஒருத்திகூட இல்லை. அத்தனையையும் நோட்டின் வலது பக்கத்தில் எழுதிக்கொண்டே போனாள்.

நூற்றித் தொண்ணூறுக்காரி கமலாம்பாள். வாய் கொஞ்சம் நீளம், மனசு சுத்தம். அமுதவல்லி பையிலிருந்து ஊறுகாய் பாட்டிலை எடுத்து அவள் மடியில் வைத்தாள்.

“உன் வீட்லயும் இந்த மாதிரி இருக்குதா?”

கமலாம்பாள் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “எங்கூட்ல பவுடர் டப்பா” என்றாள்.

“ஏன்கா?”

“இன்னா ஏன்? காலைல அந்த மாத்திரையப் போட்டா அர மணிக்கு ஒருக்கா ஒண்ணுக்கு முட்டுது. எங்க போறது, நீயே சொல்லு. கண்ணுக்கெட்டின வரைக்கும் வெள்ள வெளேர்னு கெடக்குது. மறைவுக்கு ஒரு செடி உண்டா, கொடி உண்டா? இந்தப் பக்கம் ஆம்பளைங்க, அந்தப் பக்கம் ரோடு. தண்ணியே குடிக்காம நாக்கு வறண்டு நிக்கறோம், இதுல மாத்திர வேற.”

“அப்போ ஞாயித்துக்கெழம மட்டும் எப்படி எறங்குது?”

“சனிக்கெழம வேல முடிஞ்சதும் ஒண்ணு, ஞாயித்துக்கெழம காலைல ரெண்டு. வீட்லதானே இருக்கோம், போயிக்கலாம். நீ வர்றதுக்குள்ள எறங்கிடும்.” கமலாம்பாள் ஏதோ நல்ல சமையல் பக்குவம் சொல்வதுபோலச் சொன்னாள். “முத்தம்மாதான் எங்களுக்கெல்லாம் சொல்லிச்சு. நம்மளோட கூடை தூக்கினவ, இப்பத்தான் ஒரு நல்ல வேலைல ஒக்காந்திருக்கா, நம்மளால அவ பேரு கெட்டுடக் கூடாதுன்னு.”

அமுதவல்லி பாட்டிலை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

கோபமெல்லாம் எங்கோ போய்விட்டது. வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இந்த அளத்துக்கு முதல் நாள் வந்தபோது அவள் கையில் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில் இருந்தது. அதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். “குடிச்சிட்டு எங்கடி போவ?” என்று முத்தம்மாள் கேட்டாள். இரண்டாம் நாள் பாட்டில் இல்லை. எட்டு வருஷம் அப்படித்தான் ஓடியது. அதில் வந்த கல்லடைப்புதான் அவளை வீட்டில் உட்கார வைத்தது. இதெல்லாம் வேறு யாருக்காவது தெரியாமல் இருக்கலாம். டாக்டருக்குத் தெரியாமல் இருக்கலாம். நீலப் பையை மாட்டிய நாளிலிருந்து அவளே மறந்துபோனாள், அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. மாத்திரை போட்டாயா, அட்டை காலியா என்று ஆயிரம் தடவை கேட்டவள், போட முடிகிறதா என்று ஒரு தடவை கேட்டதில்லை. எம் பேரக் கெடுத்துடாதீங்க என்றாள். அவர்களும் கெடுக்கவில்லை.

அங்கிருந்து நேராக சுகாதார நிலையத்துக்குப் போனாள். டாக்டர் அஸ்வினியின் அறைச் சுவரில் பெரிய சுவரொட்டி ஒன்று உண்டு: உப்பைக் குறைப்போம், உயிரைக் காப்போம். போன மாதம் முகாமின்போது இதே சுவரொட்டியை உப்புக் கிடங்கின் கதவில் ஒட்டப் போனபோது, “இத இங்க ஒட்டினா எங்க பொழப்பு இன்னாம்மா ஆவறது?” என்று பச்சமுத்து டாக்டரையே மடக்கியிருந்தார். டாக்டரும் சிரித்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டாள். நல்ல பெண். தஞ்சாவூர்ப் பக்கம், முப்பது வயதுகூட ஆகவில்லை. நூறு பேர் வரிசையில் நிற்கும்போது ஆளுக்கு ஒரு நிமிஷம்தான் அவளாலும் கொடுக்க முடியும்.

அமுதவல்லி பாட்டிலை மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் நோட்டைத் திறந்து வைத்தாள். இடது பக்கம் ஞாயிற்றுக்கிழமை எண்கள், வலது பக்கம் அன்று காலை எண்கள்.

“சர்டிபிகேட்டுக்கு எம் பேரு வேணாம் மேடம். இதெல்லாம் பொய்க் கணக்கு. நான் எழுதினது பொய் இல்ல, ஆனா கணக்கு பொய்.”

டாக்டர் இரண்டு பக்கத்தையும் பார்த்தாள். முகம் சிவந்தது. “எத்தனை தடவை சொல்லியிருக்கேன், தினமும் போடணும்னு? ஆறு மாசமா இப்படி நடந்திருக்கு, உங்களுக்குத் தெரியவே தெரியாதா?”

“தெரிஞ்சிருக்கணும் மேடம். தெரியல.” பிறகு கமலாம்பாள் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னாள். நடுவில் வெட்கம் வந்தது, நிறுத்தவில்லை. “நானும் அங்க எட்டு வருஷம் அப்படித்தான் நின்னேன். தண்ணி குடிக்காமத்தான் எனக்குக் கல்லு வந்துச்சு” என்று முடித்தாள்.

டாக்டர் பேனாவை மூடினாள். “வெயில் நேரத்துல தண்ணியே குடிக்காம அஞ்சு மணி நேரமா?”

“ஆமா மேடம்.”

“அதுக்கு மேல நீர் பிரிய மாத்திரையும் நான் கொடுத்திருக்கேன்.” இதை அவள் தனக்கே சொல்லிக்கொண்டாள். நோயாளிகள் பட்டியலை இழுத்துப் பெயர்களை விரலால் தடவினாள். “போடாம இருந்ததே சில பேருக்கு நல்லதாப் போயிருக்கும். ஏங்க, இதை யாரும் எங்கிட்ட சொல்லவே இல்லையே?”

“ஆம்பள கம்பவுண்டர் நிக்கறாரு, பின்னால வரிச நிக்குது. எப்படி மேடம் சொல்லுவாங்க?”

திங்கட்கிழமை காலை டாக்டர் ஜீப்பில் உப்பளத்துக்கே வந்தாள். வரப்பில் நடக்கத் தெரியாமல் ஒரு கால் சேற்று நீரில் போயிற்று. பெண்கள் சிரித்ததில் அவர்களுக்குள் இருந்த பயம் பாதி போய்விட்டது. ஒவ்வொருத்தியிடமும் உட்கார்ந்து கேட்டு, நீர் பிரிக்காத வேறு மாத்திரைக்கு மாற்றி எழுதினாள். ஞாயிற்றுக்கிழமை ஒரே நேரத்தில் இரண்டு போடுகிற வேலையே கூடாது என்று கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னாள். பெண்களுக்கு ஒரு மறைவிடம் வேண்டும் என்று பச்சமுத்துவிடம் அவள் பேசினதைவிட அமுதவல்லி பேசினது அதிகம். அவர் ஒரு வாரம் இழுத்தடித்தார். முத்தம்மாள் விழுந்த இடத்தைத் தினமும் தாண்டிப் போகிற மனுஷன், கடைசியில் மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் நாலு கம்பு நட்டு, நீலத் தார்ப்பாய் சுற்றி, உள்ளே ஒரு டிரம் தண்ணீர் வைத்தார். காற்று பலமாக அடித்தால் ஒரு பக்கம் படபடக்கும். அங்கே ஒருத்தி போனால் இன்னொருத்தி வெளியே நின்று பிடித்துக்கொள்வாள்.

அந்த மாத அறிக்கையில் அமுதவல்லியின் பக்கம் முப்பத்துநாலில் பதிமூன்று என்று இறங்கியது. வட்டாரத்திலேயே கடைசி. சான்றிதழ் வேறு ஊர் தன்னார்வலருக்குப் போயிற்று, அவளும் நன்றாக வேலை செய்கிறவள்தான். விழுப்புரத்துக் கூட்டத்தில் அமுதவல்லி பின்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினாள். மனசு வலிக்கவில்லை என்று சொன்னால் அது பொய். திரும்பி வந்த அன்றைக்கு ஐயப்பன் அந்த ஆணியில் நீலப் பையை மாட்டினான். அது அங்கேயே தொங்குகிறது, எடுக்க வசதியாகத்தான் இருக்கிறது.

மே மாதத்தில் முத்தம்மாள் வீட்டுக்கு வந்தாள். கம்பு ஊன்றி நடந்தாள். பேச்சு குழறியது, ஆனால் புரிந்தது. வலது கை மடியில் சும்மா கிடந்தது. இனி கூடை தூக்க முடியாது என்று அவளுக்கும் தெரியும்.

அமுதவல்லி ஒரு வியாழக்கிழமை போனாள். இப்போதெல்லாம் அவள் எந்த நாளில் வருவாள் என்று தெருவில் யாருக்கும் தெரியாது. கட்டிலில் உட்கார வைத்து, இடது கையில் பட்டையைச் சுற்றினாள். மாத்திரை ஒத்துக்கொள்கிறதா, ராத்திரி தூக்கம் வருகிறதா, எழுந்து போக வர முடிகிறதா என்று கேட்டாள். எல்லாவற்றுக்கும் முத்தம்மாள் தலையாட்டினாள். அவள் கண் மட்டும் மிஷின்மேலேயே இருந்தது. அவளுக்குப் படிக்கத் தெரியாது, எண் தெரியும். ஆனால் மிஷின் அமுதவல்லி பக்கம் திரும்பியிருந்தது.

“எ... எவ்ளோ?”

“நூத்தி அம்பத்தாறுக்கா. முன்னைக்கு எவ்வளவோ தேவல. இன்னும் எறங்கும்.”

முத்தம்மாளின் முகம் வாடிப்போயிற்று. தப்பு செய்துவிட்ட பிள்ளைபோலத் தலையைக் குனிந்துகொண்டாள். பிறகு நல்ல கையால் அமுதவல்லியின் மணிக்கட்டைப் பிடித்து, ஒவ்வொரு வார்த்தையாக முட்டித் தள்ளிச் சொன்னாள்.

“ஏன்டி இன்னிக்கி வந்த? ஞாயித்துக்கெழம வந்திருந்தா... கொறைச்சுக் காட்டியிருப்பேனே. உம் பேரு...”

அமுதவல்லியால் அடக்க முடியவில்லை. முத்தம்மாளின் அந்தச் செத்த கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். முத்தம்மாள் பயந்துபோய் அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழுது முடித்து, மூக்கைச் சிந்திவிட்டு, நோட்டை எடுத்தாள். முத்தம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் பெயருக்கு நேராக நூற்றி ஐம்பத்தாறு என்று எழுதினாள்.